தண்ணீர் குடிக்காத சிக்கனம்

போன மாதம் பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த வெல்ஃபேர் ஆபீசர்கள், எச்.ஆர். பிள்ளைகள் என்று இருபது பேர் இருந்தீர்கள். 'ஆரோக்கியமும் சேமிப்பும்' என்று தலைப்பு. தொழிலாளர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சடித்த நோட்டீஸ் ஒன்று மேசையில் கிடந்தது. குடிக்காதே, புகைக்காதே, வெளியில் வாங்கித் தின்னாதே, வீண் செலவு செய்யாதே, லீவு போடாதே, சேர்த்து வை. இரண்டு தரம் படித்தேன். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்கு என்ன பேசினேன் என்பதே ஞாபகம் இல்லை. அரைமணி நேரம் ஏதோ சொல்லிவிட்டு, போர்த்திய சால்வையை மடித்து வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அந்த நோட்டீஸை எனக்குத் தெரிந்த ஒருத்தி கையில் கொடுத்திருந்தால், ஒவ்வொரு வரிக்கும் நேராகச் சரி போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பாள். குடி இல்லை, வெற்றிலைகூட இல்லை. புருஷனும் தங்கமான மனுஷன். மூன்று வருஷத்தில் அவள் போட்ட லீவை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவள் சேர்த்த பணம் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போனது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இத்தனை எரிச்சல்.

நீங்கள் குடிகாரர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடித்து, திங்கட்கிழமை மட்டம் போடுகிறவனைக் கண்டுபிடிக்கப் படிப்பு எதற்கு? வாட்ச்மேனுக்கே தெரியும். அவனைத் திட்ட அவன் பெண்டாட்டி இருக்கிறாள், மாமியார் இருக்கிறாள், கான்ட்ராக்டர் இருக்கிறான். யாருமே திட்டாமல், எல்லாரும் மெச்சிக்கொண்டிருக்க, உடம்பைக் கரைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் நம் ஆட்கள் யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற கோட்டா முறையை எடுத்துவிட்டார்கள், இனிமேல் ஆர்டர் வந்து குவியும் என்று திருப்பூர் முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். நான் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் தொடங்கி, சூப்பர்வைசர் ஆகி, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக 'வெல்ஃபேர் ஆபீசர்' என்ற பலகைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டவள். படித்து வந்த வேலை இல்லை. முதலாளி சொன்னார், உட்கார்ந்தேன்.

அப்போது எங்கள் ஏழாவது லைனில் பேச்சியம்மாள் என்று ஒரு டெய்லர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. முப்பது வயது இருக்கும். டி-ஷர்ட்டில் கழுத்துக்குக் கீழே பொத்தான் வைப்பதற்கு ஒரு பட்டி அடிப்போம் இல்லையா, அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டி ஒரு நூல் கோணினாலும் பையர் பெட்டியோடு திருப்பி அனுப்புவான். அவள் கையில் கோணாது. பீஸ் ரேட் வேலை, அடித்த உருப்படிக்குத்தான் கூலி. காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டரை வரை. அதற்கு நம் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்று பெயர் வைத்து அதையே வழக்கமாக்கிவிட்டோம்.

அவளுக்கும் புருஷன் சுடலைமுத்துவுக்கும் ஒரே ஒரு லட்சியம். அவன் காதர்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் துணி மூட்டைகளை பேல் கட்டுகிறவன். இரண்டு பெண் பிள்ளைகளை ஊரில் அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இங்கே அவர்கள் குடியிருந்த, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வரும். இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று வீட்டுக்காரம்மா கண்டிப்பு. அதனால் அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் வீடு கட்ட ஒரு சைட் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டிருந்தார்கள். தை மாதம் பத்தாம் தேதிக்குள் மீதியைக் கட்டிக் கிரயம் செய்ய வேண்டும். செய்தால் ஒரு தகரக் கொட்டகையாவது போட்டு, ஜூன் மாதம் பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். செய்யாவிட்டால் அட்வான்ஸ் போச்சு, பிள்ளைகளும் அங்கேயே. இதை அவள் என்னிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பாள்.

அந்தப் பணத்தை அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள். இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. காலையில் ஒரு டீ, இரண்டு வர்க்கி பிஸ்கட். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, அதுவும் டப்பாவில் கொண்டுவந்த சோறு பாதி. சாயங்காலம் மறுபடியும் டீ. டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதிவிட்ட ஊர் நம்முடையது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

ஏன் குடிக்க மாட்டாள்? குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போய்விட்டு வந்தால் பத்துப் பதினைந்து பீஸ் போய்விடும். இந்தக் கணக்கு அவளுக்கு மட்டும் இல்லை, லைனில் பாதிப் பேருக்கு இருந்தது. இதற்கு மேல் நான் செய்த புண்ணியம் ஒன்று உண்டு. பெண்கள் பாத்ரூமில் நின்று கதை பேசுகிறார்கள், புரொடக்ஷன் குறைகிறது என்று மேனேஜர் புலம்பியதற்கு, லைனுக்கு ஒரு டோக்கன் என்று யோசனை சொன்னவள் நான்தான். முப்பது பேருக்கு ஒரு டோக்கன். ஒருத்தி போய் வந்து டோக்கனைத் திருப்பி வைத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். வெல்ஃபேர் ஆபீசர் சொன்ன யோசனை இது. இப்போது நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்போது முதலாளி பாராட்டினார், நானும் பல்லைக் காட்டினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சிறந்த டெய்லர் என்று பேச்சியம்மாளுக்குப் பரிசு கொடுத்தோம். மைக்கைப் பிடித்து நான் பேசியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நம்ம பேச்சியம்மாளப் பாருங்க. உக்காந்தா உக்காந்ததுதான். ஒரு தடவ டோக்கன எடுத்திருப்பாளா? அவளாட்ட எல்லாரும் இருக்கோணும்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். பரிசு என்ன தெரியுமா? எவர்சில்வர் குடம். யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்கிற அறிவுகூட எங்களில் ஒருவருக்கும் இல்லை.

இல்லை, ஒருவருக்கு இருந்தது. எங்கள் முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் இருந்தார். நாகர்கோவில் பக்கம். பெயரை எழுதினால் அந்த அம்மாவுக்குப் பிடிக்காது, எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி சிஸ்டர் என்றே சொல்கிறேன். நறுக்கென்று பேசுவார். ஒரு நோட்டில், யார் எந்த மாத்திரை வாங்கினார்கள் என்று தேதி போட்டு எழுதி வைப்பார். ஐப்பசி வாக்கில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒங்க ஏழாம் லைனப் பாருங்க. வியாழன், வெள்ளி ஆச்சுன்னா இடுப்பு வலி, தல வலி. சனிக்கிழம சம்பளம் வாங்கியாச்சுன்னா வலி இல்ல. வலி என்ன கிழம பாத்தா வரும்? வாரக் கடசியில கூடுதல் பீஸ் அடிக்கதுக்கு மாத்திர தின்னுட்டு இருக்குதுவ. தண்ணியும் குடிக்காம வலி மாத்திரையும் தின்னா கிட்னி என்னத்துக்கு ஆகும்?"

"சொல்றேன் சிஸ்டர், அவுங்கள்ட்ட பேசறேன்" என்றேன்.

"அவங்ககிட்ட பேசி என்ன பிரயோஜனம்? டோக்கன எடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. மாத்திரை கொடுக்க வந்தவர் எனக்கு நிர்வாகம் சொல்லித் தருகிறாரே என்ற கோபம். மறுநாள் தொழிலாளர்களைக் கூட்டி, தண்ணீர் குடிப்பது நல்லது என்று ஐந்து நிமிஷம் பேசினேன். சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினேன். டோக்கன் அதன் ஆணியிலேயே தொங்கியது. இப்போது நீங்களும் போஸ்டர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள், போன மாதம் பார்த்தேன்.

பேச்சியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னேன். அதையும் மறைப்பானேன்.

"ஏன் கண்ணு, தண்ணி குடிக்கறதில்லையாமா நீ?"

"குடிக்கேன் மேடம். வீட்டுக்குப் போயி ரெண்டு செம்பு குடிச்சிருவேன்."

"பன்னெண்டு மணி நேரம் குடிக்காம இருந்துட்டு ராத்திரி குடிச்சா ஆச்சா?"

"தை பத்து வரைக்கும்தான மேடம். கிரயம் முடிஞ்சிட்டுன்னா நல்லாத் தின்னு, நல்லாக் குடிச்சு உடம்பப் பாத்துக்கிடுதேன்."

உடம்பு என்னவோ தவணைக்கு ஒத்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி பேசினாள். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். மிஷின் கடன் முடியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும், சைட் முடியட்டும், அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன், அப்புறம் தூங்கிக்கொள்கிறேன். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நல்ல எண்ணெய்க்கும் நாலு வாய்ச் சோற்றுக்கும் செலவு செய்ய மனசு வராது. டாக்டர் கேட்டால் மட்டும் எங்கிருந்தாவது புரட்டிக் கொடுப்பார்கள்.

இன்னொரு கூத்தும் இருந்தது. அவள் கம்பெனிச் சம்பளப் பட்டியலில் இல்லை, ஆள் பிடித்துத் தரும் கான்ட்ராக்டர் கணக்கில் இருந்தாள். இலவச வைத்தியம் கிடைக்கிற இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் செய்தால் வாரச் சம்பளம் குறைகிறது, எனக்குக் கார்டு வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்டருக்குக் கசக்குமா? சரி என்று விட்டுவிட்டான். எனக்கு அது தெரியும். சட்டப்படி நான் தடுத்திருக்க வேண்டும். பட்டி அடிக்கிற ஆளை இழக்கக்கூடாது, பிள்ளையும் பாவம் நாலு காசு பார்க்கட்டும் என்று கண்டும் காணாமல் இருந்தேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அந்த மாதிரி இரக்கம் உங்களுக்கு வந்தால் உடனே தண்ணீர் தெளித்து எழுப்பிக்கொள்ளுங்கள்.

மார்கழி கடைசி. பொங்கலுக்குக் கம்பெனி மூடுவதற்கு முன்னால் ஒரு ஷிப்மென்ட் போக வேண்டும். நாலு மணிக்கு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியே ஆக வேண்டும், தவறினால் விமானத்தில் அனுப்பு என்பான் பையர், அந்தச் செலவு முதலாளியை முழுங்கிவிடும். அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு சிஸ்டர் ஒரு சீட்டோடு வந்தார். பேச்சியம்மாளுக்கு இடது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி, குளிர் காய்ச்சல், ஒண்ணுக்குப் போனால் எரிச்சல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டால் போதும், அவள் போய்விடலாம்.

பேனாவை எடுத்துவிட்டேன். அதற்குள் மேனேஜர் ஓடி வந்தார். கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், பட்டி இன்னும் ஆறு பண்டல் நிக்குதுங்க. அந்தப் புள்ளைய அனுப்பிச்சுட்டா நானென்னுங்க பண்ணுவேன்? நாலு மணி வரைக்கும் வேலையத் தாட்டி உட்டுட்டு, நானே கார்ல கூட்டிட்டுப் போறனுங்க. ஆஸ்பத்திரி எங்கீங்க ஓடியா போயிருது?"

"சிஸ்டர் உடனேன்னு எழுதியிருக்கறாங்களே" என்றேன்.

"அந்தப் புள்ளையவே கேளுங்க. அதுவே போறேங்காது."

கேட்டேன். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். நான் லைனுக்குப் போய், மிஷின் மேல் குனிந்திருந்தவளிடம், "பேச்சி, நாலு மணி வரைக்கும் முடியுமா கண்ணு? இல்லீன்னா இப்பவே போயிரு" என்று கேட்டேன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மார்கழி மாதத்தில் வேர்வை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"முடியும் மேடம். பாஸ் போட்டுராதீய. இன்னிக்குப் போயிட்டா வருகை போனஸ் போயிரும். நான் முடிச்சிட்டே போயிருதேன். ஒரு மாத்திர மட்டும் தாங்க."

அவளே சொல்லிவிட்டாள் என்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சிஸ்டரிடம் போய், அவள் ஒத்துக்கொண்டாள், ஒரு வலி மாத்திரை கொடுங்கள் என்றேன்.

"தர மாட்டேன்" என்றார் சிஸ்டர். "அவ ஒத்துக்கிட்டாளா? அவ தலைய வெட்டிக் குடுன்னாலும் ஒத்துக்கிடுவா, பத்தாம் தேதி கிரயம் அவளுக்கு. ஒங்களுக்கு என்ன கிரயம் மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மேனேஜர் தன் மேசை டிராயரில் இருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தந்தார். அதை வாங்கிக்கொண்டு போய் அவள் உள்ளங்கையில் வைத்தது என் கைதான்.

மூன்றரை மணிக்குக் கடைசிப் பண்டல் முடிந்தது. பட்டி ஒன்றும் கோணவில்லை. நாலு மணிக்கு லாரி கிளம்பியது. அவள் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், மிஷின் மேலேயே சாய்ந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். இ.எஸ்.ஐ. கார்டு இல்லை, பெரிய ஆஸ்பத்திரி வரை தாங்குவாளோ என்ற பயம், அதனால் கிட்டத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு. சிறுநீர்க் குழாயில் கல் அடைத்து, கிட்னிக்குள் சீழ் வைத்து, அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். காலையிலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றும் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் தியேட்டருக்கு. மேனேஜரும் நானும் கையில் இருந்ததைப் போட்டு முதல் ஊசி, மருந்துக்குக் கொடுத்தோம். மறுநாள் காலை சுடலைமுத்து பேங்கில் இருந்து நேராக வந்தான். பனியன் துணியில் தைத்த ஒரு மஞ்சள் பை. அதில் கிரயப் பணம். கவுன்டரில் இருந்த பெண் எண்ணி எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தாள். அவன் ரசீதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, "பிழைச்சுக்கிடுவால்லா மேடம்?" என்று கேட்டான். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாள் கிடந்தாள். இரண்டு தரம் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். இடது கிட்னி இனிமேல் பாதிதான் வேலை செய்யும், ரொம்ப நேரம் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மஞ்சள் பையில் இருந்தது போதவில்லை. முதலாளியிடம் போய் நின்றேன். மனிதாபிமானத்தோடு கொஞ்சம் கொடுத்தார். பிறகுதான் தெரிந்தது, அது அட்வான்ஸாம், வாரா வாரம் அவள் சம்பளத்தில் பிடிப்பார்களாம். அக்கவுண்ட்ஸ் அறையில் நான் போட்ட சத்தம் கீழே சாயம் போடுகிற டையிங் வரைக்கும் கேட்டது என்றார்கள். பிடித்தத்தை எடுக்க வைத்தேன். அந்தச் சத்தத்தில் பாதியை மார்கழியில் பதினொரு மணிக்குப் போட்டிருந்தால் யாருக்கும் செலவே இல்லை.

அவள் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, தை ஏழாம் தேதி நானும் சுடலைமுத்துவும் சைட்காரரைப் பார்க்க அவிநாசிபாளையம் போனோம். அவரை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். யாரையாவது பிடிக்க வேண்டும் போலிருந்தது. மனுஷன் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, அந்தப் புள்ளைய நெனச்சா சங்கட்டமாத்தானுங்க இருக்குது. ஆனா நானும் அந்தப் பணத்த நம்பி மகன் கல்யாணத்துக்கு மண்டபம் பேசிப்போட்டனுங்க. பத்தாந்தேதி தாண்டுச்சுன்னா வேற ஆளு ரெடியா இருக்கறாருங்க."

"ரெண்டு மாசம் பொறுத்துக்கிட்டீங்கன்னா..."

"ரெண்டு மாசத்துல இவுங்களுக்குப் பணம் எங்கிருந்துங்க வரும்? நீங்களே சொல்லுங்க."

பிறகு அவரே, அக்ரிமென்ட்டில் இல்லாவிட்டாலும் அட்வான்ஸில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்றார். சொன்னபடியே தந்தார். அதுவும் மருந்துக் கடைக்குப் போனது. வரும்போது பஸ்ஸில் சுடலைமுத்து, "நல்ல மனுசன்லா மேடம்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் நல்லவர்கள். மேனேஜர் நல்லவர், சைட்காரர் நல்லவர், நானும் நல்லவள். ஒரு பெண்ணின் மூன்று வருஷ உழைப்பு நல்லவர்கள் கையில்தான் போனது.

அந்த வாரம் எனக்கு ஒரு வெறி வந்து, யார் எத்தனை பீஸ் அடித்தார்கள் என்று எழுதும் பண்டல் ரிஜிஸ்தரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு மூன்று தரம் அவள் எழுந்து போய் வந்திருந்தால் எத்தனை பீஸ் குறைந்திருக்கும், மூன்று வருஷத்துக்கு அது எவ்வளவு என்று பார்த்தேன். திருப்பித் திருப்பிப் போட்டேன், தப்பாகப் போடுகிறேனோ என்று. மூன்று வருஷம் எழுந்திருக்காமல் அவள் மிச்சம் பிடித்தது, ஆஸ்பத்திரியில் கட்டிய முன்பணத்துக்குக்கூடப் போதாது. நோட்டீஸ் அடிப்பதாக இருந்தால் இதை அடியுங்கள்.

மறுநாள் டோக்கனைக் கழற்றி எடுத்தேன். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் மிஷின்களை ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டும், அந்த நேரத்துக்கும் பீஸ் ரேட் கணக்கில் கூலி சேர்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கினேன். இ.எஸ்.ஐ. கார்டு இல்லாமல் ஒருவரும் கேட்டைத் தாண்டக்கூடாது என்றேன். இரண்டு கான்ட்ராக்டர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும் என்று விட்டேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டியவளுக்கு என்ன பெருமை?

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பணத் தேவையில் இருக்கிறவளிடம் போய் 'உனக்கு முடியுமா' என்று கேட்காதீர்கள். அது கேள்வியே இல்லை. அவளுக்குப் பதிலாக அவள் கடன் பதில் சொல்லும், கிரயத் தேதி பதில் சொல்லும். உடம்பைப் பற்றி உடம்பு தெரிந்தவர்களிடம் கேளுங்கள், அவர்கள் சொன்னதற்குக் கையெழுத்துப் போடுங்கள். லாரி போனால் போகட்டும். இன்னொரு லாரி வரும்.

பேச்சியம்மாள் பங்குனியில் என்னைப் பார்க்க வந்தாள். ஆள் பாதியாகி இருந்தாள். மிஷினில் உட்கார முடியாது, செக்கிங்கில் நின்று பார்க்கிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்க வந்திருந்தாள். அது நாள் கூலி, டெய்லர் வாங்குவதில் பாதிதான் வரும். தருகிறேன் என்றேன். எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

"மேடம், ஊருக்கு ஒரு போன் போட்டுக்கிடட்டா? பக்கத்து வீட்டு டீச்சர் வீட்டுல பிள்ளைய கூப்பிடுவாவ. ஜூன்ல கூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருந்தேன். இன்னும் சொல்லல."

போனை அவள் பக்கம் நகர்த்தினேன். பழைய ரிசீவர், எதிர்முனையில் பேசுவது அறை முழுக்கக் கேட்கும். மூத்தவள் வந்தாள். பத்து வயசு.

"எம்மா, எப்பம்மா வாரிய? ஸ்கூல்ல சேக்கணும்னு டி.சி. வாங்கச் சொன்னியல்லா?"

"இந்த வருசம் வேண்டாம்ட்டி. டி.சி. வாங்காத. அடுத்த வருசம் பாப்போம்."

"ஏன்?"

"எனக்கு மேலுக்கு முடியாமப் போச்சுல்லா. துட்டெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு."

பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கல்லுன்னு ஆச்சி சொன்னா. நான் டீச்சர்ட்ட கேட்டேன். நல்லாத் தண்ணி குடிச்சா வராதுன்னாவ. எம்மா, அங்க ஒனக்குக் குடிக்கத் தண்ணியே கெடைக்கலியா?"

பேச்சியம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா தாயி" என்றாள். "இங்க தண்ணிக்கு ரொம்பக் கஷ்டம்."

எங்கள் கம்பெனியில் குடிக்கிற தண்ணீருக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை. எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன், அதனால் பிள்ளையிடம் அப்படிச் சொன்னாள்.

ரிசீவரை வைத்துவிட்டு, அதன் மேல் பட்ட வேர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"திங்கக்கிழமையே வந்துரட்டா மேடம்?" என்று கேட்டாள்.